எவர்கிளேட்ஸ், செமினோல் கிராமம்: டிசம்பர் லீவுக்குப் போலாமா? போனவங்க சொல்லுங்க

திருச்சி_ராஜி
எல்லாருக்கும் வணக்கம். கிறிஸ்துமஸ் லீவுக்கு சார்லட்டிலிருந்து மயாமிக்கு டிக்கெட் போட்டாச்சு. டிஸ்னி வேண்டாம்னு பசங்களே சொல்லிட்டாங்க. பெரியவனுக்கு இப்ப பாம்பு, முதலைன்னு பைத்தியம் முத்திப் போயிருக்கு. கூட மாமியாரும் வர்றாங்க. முழங்கால் வலி, ரொம்ப தூரம் நடக்க முடியாது, சுத்த சைவம்.

என் பிளான்: எவர்கிளேட்ஸ்னு தென் ஃபுளோரிடாவுல இருக்கிற சதுப்பு நிலத்துல ஏர்போட் (விசிறிப் படகு) சவாரி, அலிகேட்டரோட (ஒரு வகை முதலை) மல்லுக்கட்டற ஷோ, அங்கேயே பக்கத்துல இருக்கிற செமினோல் பழங்குடி கிராமம். எல்லாம் ஒரே நாள்ல முடிச்சுட்டு மறுநாள் கீ வெஸ்ட். சரிப்பட்டு வருமா? பையன் ஸ்கூல்ல செமினோல் மக்களைப் பத்தி புராஜெக்ட் பண்ணினான். அதனால சும்மா ஒரு கடையில பொம்மை வாங்கிட்டு வராம ஏதாவது உருப்படியா பார்க்கணும்னு இருக்கு.

டாம்பா_குமார்
ராஜி, முதல்ல கீ வெஸ்டை மறந்துடுங்க. மயாமியிலிருந்து போகவே மூணரை நாலு மணி நேரம், லீவு கூட்டத்துல இன்னும் இழுக்கும். முழங்கால் வலிக்காரங்களை வெச்சுக்கிட்டு அது தேவையில்லாத வேலை.

எவர்கிளேட்ஸை ஒரே இடம்னு நினைச்சுத்தான் எல்லாரும் பிளான் போடறாங்க. நேஷனல் பார்க் மட்டும் 15 லட்சம் ஏக்கர். வாசல்கள் உள்ளுக்குள்ள ஒண்ணோட ஒண்ணு சேராது. தெற்கே ஹோம்ஸ்டெட் வழியா போனா ராயல் பாம், அங்கிருந்து ரோடு முடியற இடம் ஃபிளமிங்கோ. நடுவுல டாமியாமி டிரெயில், அதாவது 41ஆம் நம்பர் ரோட்டு மேல ஷார்க் வேலி. மேற்கே எவர்கிளேட்ஸ் சிட்டி. அது மாங்குரோவ் தீவுக்கூட்டம், படகு ஏறலேன்னா அங்க போய் பிரயோஜனமில்லை.

அம்மாவுக்கு ஷார்க் வேலிதான் தோது. 15 மைல் வட்டப்பாதை, சொந்தக் காரை உள்ளே விடமாட்டாங்க. டிராம்ல உட்கார்ந்தா ரெண்டு மணி நேரம், கைடு கதை சொல்லிக்கிட்டே வருவார். பாதி வழியில ஒரு கோபுரம், அதுக்குப் படி கிடையாது, சுத்திச் சுத்தி ஏறற சாய்வுப் பாதை. மெதுவா ஏறிடலாம். டிக்கெட் இப்பவே போடுங்க, பார்க்கிங் காலையிலேயே ரொம்பிடும். பையன் சைக்கிள் எடுக்கறேன்னு அடம் பிடிப்பான். பாதியில திரும்ப குறுக்கு வழி எதுவும் இல்லைன்னு முன்னாடியே சொல்லி வெச்சுடுங்க.

இன்னொண்ணு. ஷார்க் வேலிக்குப் பக்கத்துல இருக்கிறது செமினோல் கிராமம் இல்லை, மிக்கோசுக்கி கிராமம். உறவுக்காரங்கதான், ஆனா தனி அரசு, தனி நிர்வாகம். அங்க போய் "நீங்க செமினோல்தானே"ன்னு கேட்டா முகம் சுண்டிப்போகும்.

கூழைக்கடா
டிசம்பரைத் தேர்ந்தெடுத்தது நல்லது. கொசு குறைவு என்பது பாதிக் காரணம்தான், மீதிக் காரணம் நீர். எவர்கிளேட்ஸ் தேங்கி நிற்கும் சேறு அல்ல. ஓகிசோபி ஏரிப் பக்கமிருந்து கடலை நோக்கி, மைலுக்கு இரண்டு மூன்று அங்குலச் சரிவில், நகர்வதே தெரியாமல் நகரும் நீர்ப்பரப்பு. மே முதல் அக்டோபர் வரை மழையில் எங்கும் நீர். உயிரினங்களும் எங்கும் சிதறிக் கிடக்கும், நம் கண்ணில் படாது. நவம்பருக்குப் பிறகு வற்ற வற்ற மீனெல்லாம் மிச்சமிருக்கும் பள்ளங்களில் ஒதுங்கும். அந்தப் பள்ளங்களில் பலவற்றை அலிகேட்டரே மூக்காலும் காலாலும் வாலாலும் தோண்டி வைத்திருக்கும். மீன் அங்கே என்றால் கொக்கும் நாரையும் அங்கே, அவற்றில் ஒன்றிரண்டு அசந்தால் அலிகேட்டருக்குச் சாப்பாடும் அங்கே.

இதைப் பார்க்க ராயல் பாமில் உள்ள அன்ஹிங்கா டிரெயில் போதும். ஒரு மைலுக்கும் குறைவு, பெரும்பகுதி மரப்பலகை நடைபாதை, சக்கர நாற்காலி போகும். அன்ஹிங்கா நம் ஊர்ப் பாம்புத்தாராவின் ஒன்றுவிட்ட சகோதரன். வேடந்தாங்கலில் பார்த்தவர்களுக்குக் கழுத்தைக் கண்டதுமே தெரிந்துவிடும். அது மீனைக் கவ்வுவதில்லை, அலகால் குத்தும். குத்திய மீனோடு கரையேறி, அலகிலிருந்து கழற்ற இப்படியும் அப்படியும் உதறும். கழன்றதும் மேலே தூக்கிப் போட்டு, தலைப்பக்கமாக வரும்படி பிடித்து விழுங்கும். தவறவிட்டால் கீழே காத்திருக்கும் அலிகேட்டருக்கு லாபம். பிறகு இறக்கையை விரித்து வெயில் காயும், அதன் இறகில் நீர் ஊறிவிடும் என்பதால். பத்து நிமிடம் ஒரே இடத்தில் நின்றால் இந்த முழு நாடகமும் கிடைக்கும். நடந்துகொண்டே இருப்பவர்களுக்கு ஒன்றும் கிடைக்காது.

தாமரையிலை போன்ற இலைகளின் மேல் மஞ்சள் கால்விரல்களைப் பரப்பி நடக்கும் ஊதாக் கோழியையும் விட்டுவிடாதீர்கள். மாமியாருக்கு அதுதான் பிடிக்கும், பந்தயம் கட்டுகிறேன்.

திருச்சி_ராஜி
ரொம்ப நன்றி குமார் அண்ணா, கூழைக்கடா சார். கீ வெஸ்ட் கட். ஆனா ஏர்போட் இல்லாம பசங்க விடமாட்டாங்க. அதுல ஏன் யாருமே வாயைத் திறக்கலை?

டாம்பா_குமார்
போங்க, தப்பில்லை. பின்னாடி விமான விசிறி ஓடற தட்டைப் படகு, புல்லு மேலேயே வழுக்கிக்கிட்டுப் போகும், பசங்களுக்குத் திருவிழாதான். காதுல அடைக்க ஏதாவது தருவாங்க, சின்னவளுக்குக் கண்டிப்பா போடுங்க. ஆனா அந்தச் சத்தத்துல பறவை எதுவும் பக்கத்துல நிக்காது. அதை விளையாட்டா எடுத்துக்குங்க, காட்டுயிர் பார்க்கப் போறதா நினைக்காதீங்க.

ஒரு தடவை என் மச்சான் குடும்பத்தோட போனப்ப படகுக்காரர் பையிலிருந்து மார்ஷ்மெல்லோ எடுத்து அலிகேட்டருக்கு வீசினார். யாருன்னு பேர் வேண்டாம். ஃபுளோரிடாவுல அலிகேட்டருக்குத் தீனி போடறது சட்டப்படி குத்தம். மனுஷனைப் பார்த்தா சோறுன்னு அதுக்குப் பழகிட்டா, கடைசியில அதைத்தான் பிடிச்சுக் கொல்லுவாங்க. அப்படி யாராவது செஞ்சா பசங்க முன்னாடியே கேளுங்க.

வல்வை_மைந்தன்
வணக்கம் தங்கச்சி. நாங்கள் ரொறொன்ரோப் பனிக்குத் தப்பி மாசியில ஃபுளோரிடாப் பக்கம் இறங்கிற ஆக்கள். எல்லாரும் ஷார்க் வேலி எண்டு சொல்லினம், நான் ஃபிளமிங்கோவுக்குத்தான் ஓட்டுப் போடுவன். பார்க் வாசலில இருந்து 38 மைல். ஃபுளோரிடா சிட்டியில பெற்றோல் நிரப்பிப்போட்டு வெளிக்கிடுங்கோ, இடையில ஒண்டும் இல்லை.

அங்க படகுத்துறையில இரண்டு சாமான் பாக்கலாம். ஒண்டு குரோக்கடைல். கறுப்பா, அகலமான மூஞ்சியோட இருந்தா அலிகேட்டர். சாம்பல் பச்சையா, மூஞ்சி ஒடுங்கி, வாய் மூடியிருக்கேக்கையும் கீழ்ப்பல்லு வெளியில தெரிஞ்சா குரோக்கடைல். இரண்டும் காட்டில ஒண்டா வாழுற இடம் உலகத்தில இந்தத் தென் ஃபுளோரிடா மட்டும்தான். மற்றது மனாட்டி. முதல்ல தண்ணியில ஒரு மூக்கு மட்டும் எழும்பும், புஸ் எண்டு ஒரு மூச்சு, பிறகு காணேல்லை. மன்னார்க் கடலில இருக்கிற கடற்பசுவின்ர சொந்தம்தான். இதின்ர வால் மட்டும் வட்டத் துடுப்பு.

ராயல் பாமில கார் விடேக்க கவனம். கருங்கழுகுக் கூட்டம் ஒண்டு அங்க நிக்கும். கண்ணாடியைச் சுத்தின ரப்பர், வைப்பர், எல்லாத்தையும் கொத்திப் பிய்ச்சுப் போடுங்கள். எங்களுக்குப் பக்கத்தில நிண்ட காரின்ர வைப்பர் நூல் நூலாத் தொங்கினதைக் கண்ணால கண்டனான். பார்க் ஆக்களே தார்ப்பாயும் கொக்கிக் கயிறும் வைச்சிருக்கினம், காசில்லை. எடுத்து மூடிப்போட்டுப் போங்கோ.

கூழைக்கடா
வல்வை அண்ணன் சொன்ன குரோக்கடைலுக்கு ஒரு சுவையான கதை உண்டு. 1975இல் அழியும் நிலை விலங்காக அறிவித்தபோது ஃபுளோரிடாவில் சில நூறுதான் இருந்தன. இன்று வளர்ந்தவை மட்டும் ஏறத்தாழ 2,000. முட்டையிட அவற்றுக்குக் கிடைத்த நல்ல இடங்களில் ஒன்று டர்க்கி பாயின்ட் அணுமின் நிலையத்தின் குளிர்விப்புக் கால்வாய்க் கரை. 2007இல் பட்டியலில் ஒரு படி இறக்கிவிட்டார்கள்.

ஃபிளமிங்கோ போனால் கை பிராட்லி (Guy Bradley) என்பவரையும் நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் சீமாட்டிகளின் தொப்பிக்கு வெண்கொக்கின் இனப்பெருக்கக் கால இறகு வேண்டும். கூட்டில் குஞ்சு இருக்கும்போதே தாயைச் சுட்டார்கள். அந்த வேட்டையைத் தடுக்க நியமிக்கப்பட்ட காவலர் அவர். 1905இல் ஃபிளமிங்கோ அருகே வேட்டைக்காரன் ஒருவனால் சுடப்பட்டு இறந்தார்.

சந்தேகசாமி
எல்லாரும் பறவை, முதலைன்னு உருகுறீங்க. அந்தக் கலாச்சாரம் பகுதிக்கு வருவோம். செமினோல்காரங்க யார் தெரியுமா? ஹார்ட் ராக் முதலாளிங்க. ஃபுளோரிடாவுலேயே இருக்கிற ஹாலிவுட்ங்கிற ஊர்ல கிடார் வடிவத்துல ஓட்டல் கட்டி சூதாட்டம் நடத்துறாங்க. ஒரு பக்கம் கோடிக்கணக்குல வருமானம், இன்னொரு பக்கம் டூரிஸ்டுக்கு ஓலைக் குடிசை, பாசிமணி, முதலைச் சண்டை. இதுல எது கலாச்சாரம், எது வியாபாரம்? ராஜி மேடம், பையனுக்கு விக்கிபீடியாவைக் காட்டுங்க, பெட்ரோல் மிச்சம்.

பழையசோறு
சந்தேகசாமி, நீங்கள் சொன்ன தகவல் சரி. ஹார்ட் ராக் நிறுவனத்தை 96.5 கோடி டாலருக்கு வாங்குவதாக அவர்கள் அறிவித்தது 2006இல். ஆனால் கதையைக் கடைசி அத்தியாயத்திலிருந்து படிக்கிறீர்கள்.

18ஆம் நூற்றாண்டில் வடக்கிலிருந்து வந்த கிரீக் இனக்குழுக்கள், ஏற்கெனவே ஃபுளோரிடாவில் இருந்த பழங்குடிகளின் மிச்சம், இவர்கள் சேர்ந்து உருவான மக்கள் செமினோல்கள். தோட்டங்களிலிருந்து தப்பி வந்த கறுப்பின அடிமைகளும் இவர்களோடு ஊர் அமைத்து, தோளோடு தோள் நின்று போரிட்டார்கள். வெள்ளைக்காரப் பண்ணையார்களுக்கு ஆத்திரம் வர நிலம் ஒரு காரணம், இது இன்னொரு காரணம். மூன்று போர்கள்: 1817-18, 1835-42, 1855-58. நடுவில் நடந்ததுதான் பெரியது. அமெரிக்கத் தரப்பில் சுமார் 1,500 படைவீரர் செத்தார்கள், குண்டைவிட நோய்க்குப் போனவர்களே அதிகம். ஒசியோலாவை 1837 அக்டோபரில் வெள்ளைக்கொடியின் கீழ் பேசக் கூப்பிட்டுப் பிடித்தார்கள். மூன்று மாதத்தில், தென் கரோலினாவின் மோல்ட்ரி கோட்டையில், கைதியாகவே இறந்தார். 3,000க்கும் மேற்பட்டோரை இன்றைய ஓக்லஹோமாவுக்கு நாடு கடத்தினார்கள். எஞ்சிய சில நூறு பேர் எவர்கிளேட்ஸுக்குள் இறங்கினார்கள். ராணுவம் அங்கே தொடர முடியவில்லை. இடுப்பளவு நீர், கையைக் கிழிக்கும் ரம்பப்புல், கொசு. சமாதான ஒப்பந்தம் எதிலும் கையெழுத்திடாமலே மூன்றாவது போர் முடிந்தது. இன்றைக்கு ஃபுளோரிடாவில் இருப்பவர்கள் அந்தச் சில நூறு பேரின் வம்சம்.

நீங்கள் கிண்டல் செய்யும் ஓலைக்குடிசைக்குப் பெயர் சிக்கி. சைப்ரஸ் கம்பங்கள், மேலே பனையோலை, நாலாபக்கமும் திறப்பு, தரைக்கு மேலே ஒரு மேடை. படை துரத்தும்போது சட்டென்று கட்டவும், விட்டுவிட்டு ஓடவும் தோதான வீடு. வெள்ளம் வந்தாலும் மேடை நனையாது, காற்று அடித்தாலும் சுவரில்லை இடிய.

முதலைச் சண்டையில் உங்களோடு பாதி ஒத்துப்போகிறேன். அலிகேட்டரை உயிரோடு பிடிப்பது வேட்டைக்காரர்களுக்குத் தெரிந்த வேலைதான், வெயிலில் இறைச்சி கெடாமலிருக்க வேண்டுமே. அதைக் காட்சியாக்கியது மயாமியின் சுற்றுலாத் தொழில், சுமார் 100 வருடத்துக்கு முன்னால். அப்போது சதுப்பை வடிக்கக் கால்வாய் வெட்டியாயிற்று, இறகு வணிகம் செத்துவிட்டது, தோல் வணிகமும் சரிந்துவிட்டது. குடும்பம் குடும்பமாக மூசா ஐல், காப்பிங்கர் போன்ற காட்சிக்கூடங்களில் குளிர்காலம் முழுக்கத் தங்கி, டூரிஸ்டுகள் பார்க்கச் சமைத்தார்கள், தைத்தார்கள், கூலியும் மளிகையும் வாங்கினார்கள். வியாபாரம்தான், யார் மறுத்தது? அந்த வியாபாரத்தில்தான் அவர்கள் பிழைத்துக் கிடந்தார்கள். 1979இல் ஹாலிவுட்டில் பெரும்பணப் பிங்கோ அரங்கு திறந்து, அதை எதிர்த்த வழக்கையும் ஜெயித்தார்கள். நாடு முழுக்கப் பழங்குடிச் சூதாட்ட அரங்குகளுக்கு வழி திறந்தது அதுதான். பணம் வந்ததும் கலாச்சாரம் போலியாகிவிடும் என்றால், தங்கக் கோபுரம் வைத்த கோயிலையெல்லாம் என்ன சொல்வீர்கள்?

சந்தேகசாமி
கடைசி வரி அடி வயித்துல. சரி, சரி. ஆனா மல்லுக்கட்டு ஷோவுக்கு நான் காசு குடுக்க மாட்டேன்.

பழையசோறு
நானும்தான். அது அவரவர் விருப்பம்.

தையல்_மீனா
ராஜி, பையனுக்கு உருப்படியா காட்டணும்னா ஒரே இடம்தான்: பிக் சைப்ரஸ் ரிசர்வேஷன்ல (செமினோல் மக்களுக்குன்னு ஒதுக்கின நிலம்) இருக்கிற ஆ-தா-தி-கி மியூசியம். அவங்களோட சொந்த மியூசியம், 1997ல திறந்தாங்க. 75ஆம் நம்பர் ஹைவேயில, அலிகேட்டர் ஆலின்னு சொல்வாங்க, எக்ஸிட் 49ல இறங்கி வடக்கே 17 மைல். அந்த ரோட்டுக்குப் பேரே ஸ்நேக் ரோடு, உங்க பையனுக்கு அதுவே போதும். மயாமியிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாது. கிளம்பறதுக்கு முன்னாடி திறக்கற நேரம் பார்த்துக்குங்க.

வெளியே சைப்ரஸ் காட்டுக்குள்ள ஒரு மைல் மரப்பாதை. செடிக்குச் செடி எதுக்குப் பயன்படுத்தினாங்கன்னு பலகை இருக்கும். குலங்களைப் பத்தியும் போட்டிருக்கும்: சிறுத்தை, கரடி, மான், காற்று, பறவை, பாம்பு, நீர்நாய். பிள்ளைங்களுக்கு அம்மாவோட குலம்தான், ஒரே குலத்துக்குள்ள கல்யாணம் கிடையாது. பாதையில கைவினைக்காரங்க உட்கார்ந்திருந்தா அவசரப்படாம நில்லுங்க. போட்டோ எடுக்கணும்னா கேட்டுட்டு எடுங்க.

நான் போனது ஒட்டுத்துணித் தையலைப் பார்க்கத்தான். ரெண்டு மூணு கலர் துணியை நீளப் பட்டையா கிழிச்சு, ஒண்ணோட ஒண்ணு சேர்த்துத் தைக்கறாங்க. அந்தப் பட்டையைக் குறுக்கே சின்னச் சின்ன துண்டா வெட்டி, ஒவ்வொரு துண்டையும் ஒரு கட்டம் தள்ளி வெச்சு, சில சமயம் சாய்ச்சு வெச்சு, மறுபடி தைக்கறாங்க. மேலேயும் கீழேயும் நீட்டிக்கிட்டிருக்கிற முனையை நறுக்கிட்டு ஒரு ஓரப்பட்டை. அவ்வளவுதான், மின்னல், மழை, நெருப்புன்னு டிசைன் எழுந்து வந்துடும். சில டிசைன்ல துண்டு ஒரு அங்குலம்கூட இருக்காது. கையால சுத்தற தையல் மெஷின் அவங்க கைக்கு வந்தப்புறம், 1910கள் 20கள்ல வளர்ந்த கலை இது. ஒரு பாவாடைக்கு என்ன விலை சொன்னாலும் பேரம் பேசாதீங்க, தைச்சுப் பார்த்தவளுக்குத்தான் அந்த வலி தெரியும்.

பெட்டி மே ஜம்பர் பத்தியும் பையனைப் படிக்கச் சொல்லுங்க. நர்ஸ். 1967லயே செமினோல் டிரைபோட தலைவியா தேர்ந்தெடுத்தாங்க.

செங்கல்பட்டு_சிவா
இவ்வளவு பேசிட்டு நம்ம ஆளுங்களை விட்டுட்டீங்களே! எவர்கிளேட்ஸோட பெரிய தலைவலி பர்மா மலைப்பாம்பு. வீட்டுல வளர்த்து விட்டதும் தப்பிச்சதுமா பெருகிப்போச்சு. 2012ல வந்த ஆய்வுல, ரோட்டோரம் பார்த்த ரக்கூன் எண்ணிக்கை 99 சதவீதம் சரிஞ்சிருந்தது. முயல் கண்ணுலயே படலை. பிடிக்க ஆள் தேடி, 2017 ஜனவரியில ஃபுளோரிடாக்காரங்க நம்ம இருளர்கள் ரெண்டு பேரைக் கூப்பிட்டாங்க: மாசி சடையன், வடிவேல் கோபால். வந்து ரெண்டு வாரத்துக்குள்ள 13 பாம்பு. அதுல ஒண்ணு 16 அடி பெண் பாம்பு, கீ லார்கோவுல பழைய ஏவுகணைத் தளத்துக்குள்ள பிடிச்சது. பாம்பைத் தேடாம அது போன தடத்தை, எச்சத்தை, அது வெயில் காயற மேட்டைத் தேடுவாங்க, அதான் அவங்க வித்தை. 2023ல ரெண்டு பேருக்கும் பத்மஸ்ரீ.

திருச்சி_ராஜி
சிவா, இதை பையன்கிட்ட படிச்சுக் காட்டினேன். புராஜெக்டையே மாத்தி எழுதறேன்னு குதிக்கிறான்.

சந்தேகசாமி
மிக்கோசுக்கி பத்தி யாரும் பேசலை. 2025ல பிக் சைப்ரஸ் நடுவுல பழைய ஏர்போர்ட்டுல குடியேறிகளை அடைக்கற முகாம் திறந்தாங்களே, மிக்கோசுக்கி கோர்ட்டுக்குப் போனாங்க. அந்தக் கவர்னர் இருக்காரே

மட்டுறுத்துநர்
சந்தேகசாமி பதிவின் பிற்பகுதி நீக்கப்பட்டது. கட்சி அரசியலுக்குத் தனி இழை இருக்கிறது. அந்த இடத்தின் வரலாற்றைப் பேசலாம்.

பழையசோறு
வரலாற்றை மட்டும் சொல்கிறேன். அந்த ஓடுபாதை 1968இல் தொடங்கிய ஒரு மாபெரும் விமான நிலையத் திட்டத்தின் மிச்சம். உலகிலேயே பெரியதாகக் கட்ட நினைத்தார்கள். மிக்கோசுக்கிகள், வேட்டைக்காரர்கள், சூழல் ஆர்வலர்கள் என்று ஒன்றாக உட்காராதவர்களெல்லாம் ஒன்றாக எதிர்த்து, 1970இல் நிறுத்தினார்கள். அந்தப் போராட்டத்திலிருந்துதான் 1974இல் பிக் சைப்ரஸ் நேஷனல் பிரிசர்வ் என்ற பாதுகாக்கப்பட்ட பகுதி பிறந்தது.

மிக்கோசுக்கிகளின் பிடிவாதத்துக்கு முன்கதையும் உண்டு. செமினோல் டிரைபுக்கு 1957இல் அமெரிக்க அரசின் அங்கீகாரம் கிடைத்தது. தனியாக நின்ற மிக்கோசுக்கிகளை இழுத்தடித்தார்கள். 1959இல் மிக்கோசுக்கித் தலைவர் பஃபலோ டைகரும் சிலரும் காஸ்ட்ரோவின் கியூபாவுக்கு விருந்தினராகப் போய் வந்தார்கள். 1962 ஜனவரியில் வாஷிங்டன் அங்கீகாரம் கொடுத்தது. இரண்டுக்கும் தொடர்பு இல்லை என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டுப் போகலாம்.

திருச்சி_ராஜி
போயிட்டு வந்தாச்சு! ஊருக்கு வந்ததும் துணி துவைச்சு முடிச்சு இப்பத்தான் உட்கார்றேன். எல்லாத்தையும் எழுத முடியாது, முக்கியமானதை மட்டும் சொல்றேன்.

ஷார்க் வேலி டிராம் அருமை. ரோட்டோரத்துல அலிகேட்டர் கட்டை மாதிரி படுத்திருக்கு. 15 அடி தள்ளி நிக்கச் சொல்றாங்க, ஆனா அது நடைபாதையிலேயே படுத்தா நாம எங்க தள்ளி நிக்கறது? ஒரு தாயோட முதுகுல மஞ்சள் பட்டை போட்ட குட்டிங்க. மாமியார் பார்த்துட்டு "குஞ்சைப் பக்கத்துலயே வெச்சிருக்கா பாரு, கிட்டப் போகாதே"ன்னு பையன் சட்டையைப் பிடிச்சு இழுத்துட்டாங்க. கைடு சொன்னதும் அதேதான். கோபுரத்து மேல ஏறினதும் பெரியவன் முதல்முறையா வாயை மூடினான். நாலா பக்கமும் புல்லு, அங்கங்க மரத்திட்டு, அவ்வளவுதான். கட்டடம் ஒண்ணு கூட கிடையாது.

கூழைக்கடா சார், நீங்க பந்தயத்துல தோத்துட்டீங்க. மாமியாருக்குப் பிடிச்சது ஊதாக் கோழி இல்லை, கருங்கழுகு. தார்ப்பாய் போட்டு மூடின பக்கத்து வண்டியில கயித்தை அவிழ்க்க ஒண்ணு முயற்சி பண்ணிக்கிட்டே இருந்துச்சு. அவங்க பெஞ்சுல உட்கார்ந்து அதையேதான் பார்த்தாங்க. நாங்க அன்ஹிங்கா டிரெயிலை ஒரு சுத்து சுத்திட்டு வர்ற வரைக்கும் நகரலை.

ஆ-தா-தி-கி போனோம். மரப்பாதையில ஒரு சிக்கிக்குள்ள சமையல் நெருப்பு மூட்டற முறையைப் பார்த்தோம். பெரிய பெரிய கட்டைகளை வண்டிச் சக்கரத்து ஆரம் கணக்கா நடுவுல முனை சேர வெச்சு, நடுவுல மட்டும் எரியுது. எரிய எரிய கட்டையை உள்ளே தள்ளினா போதும், கோடாலி வேலை மிச்சம். தணல் வேண்டாம்னா வெளியே இழுத்துடலாம். அங்க தைச்சுக்கிட்டிருந்த ஒரு பாட்டியும் மாமியாரும் பேசினதுல பாதி கைஜாடை. பேச்சு எங்க போச்சு தெரியுமா? யாரு எந்தக் குலம், மருமக எந்த ஊர், ஏன் இவ்வளவு ஒல்லியா இருக்கா. மீனா சொன்னபடி பேரம் பேசலை, ஒரு சின்ன பட்டைத் துணிதான் வாங்கினேன். அதுவே பட்ஜெட்டுக்கு மேல.

சாப்பாடு: சோஃப்கி கிடைச்சது. சோளத்தை வேகவெச்சுக் குடிக்கற மாதிரி பண்றாங்க, மாமியார் ஒரு வாய் குடிச்சுட்டு மோர் ஊத்தணும்னு சொன்னாங்க. ஃப்ரை பிரெட் எந்த எண்ணெய்ல பொரிக்கறாங்கன்னு கேட்டுக்குங்க, சைவம்னா கேட்காம வாங்காதீங்க. மத்தபடி ஹோம்ஸ்டெட் பக்கத்துப் பழக்கடைகள்தான் எங்களைக் காப்பாத்துச்சு. சப்போட்டா மில்க் ஷேக்!

ஏர்போட் போனோம், பசங்க கத்தின சத்தத்துல இன்ஜின் சத்தம் கேட்கலை. மல்லுக்கட்டு ஷோ அன்னிக்கு இல்லை, பெரியவன் கொஞ்ச நேரம் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டான்.

ஒரு சந்தேகம். 41ல போறப்ப சில இடத்துல ரோடு பாலம் மாதிரி தூக்கியிருக்கு, கீழே ஆறு ஒண்ணும் இல்லை, புல்லுதான். சின்னவ கேட்டா, எனக்கு பதில் தெரியலை.

டாம்பா_குமார்
கெட்டிக்காரி உங்க சின்னவ. 1928ல அந்த ரோடு போட்டப்ப மண்ணைக் கொட்டி மேடாக்கித்தான் போட்டாங்க. வடக்கேயிருந்து பரவி வர்ற தண்ணிக்கு அது அணையா போச்சு, தெற்கே பார்க் காய ஆரம்பிச்சுது. இப்ப மண்ணை வெட்டி எடுத்துட்டு ரோட்டைத் தூக்கறாங்க. முதல் பாலம் ஒரு மைல் நீளம், 2013ல முடிச்சாங்க. அப்புறம் இன்னும் கொஞ்ச தூரம். தண்ணி அடியில போகத்தான் பாலம், ஆறு வேண்டாம், அந்தப் புல்லுதான் ஆறு.

கூழைக்கடா
பந்தயத் தோல்வியை ஏற்கிறேன். கருங்கழுகை ரசிக்கும் மாமியார் கிடைத்தவர் பாக்கியசாலி.

வல்வை_மைந்தன்
ஃபிளமிங்கோ பற்றி ஒரு சொல்லும் இல்லையே தங்கச்சி? போகேல்லையோ?

திருச்சி_ராஜி
நேரம் இல்லை அண்ணா. மனாட்டியை அடுத்த தடவைக்கு வெச்சிருக்கோம். ஸ்கூல் லீவுன்னா எங்களுக்கு ஜூன்தான் தோது. ஜூன்ல போலாமா?

வல்வை_மைந்தன்
ஐயோ வேண்டாம். ஃபிளமிங்கோவில ஜூனில காரைத் திறந்தா கொசுதான் முதல்ல ஏறும், பிறகுதான் நீங்கள் இறங்கலாம்.

டாம்பா_குமார்
மனாட்டி குளிருக்குத்தான் கரைப் பக்கம் வெதுவெதுப்பான தண்ணி தேடி கூட்டமா வரும். ஜூன்ல போனா கடல்ல எங்க இருக்குன்னு தேடணும். பிப்ரவரியில ஒரு நீள வீக்கெண்ட் வரும், அதைப் பாருங்க. ரூம் மட்டும் இப்பவே போட்டுடுங்க.